கந்தசாமிக்கு ஒரு பார்சல்

"பிரிக்காதீங்கன்னு சொன்னா, உள்ள என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

சோபா மேலிருந்த அட்டைப்பெட்டியை ரஞ்சித்குமார் முறைத்தான். மறுநாள் மனைவி வான்மதி, குழந்தை ஓவியாவோடு அமெரிக்காவின் எடிசனிலிருந்து ஸ்விட்சர்லாந்து டூர் கிளம்புகிறான்.

பெட்டியைத் தந்தது எதிர் அபார்ட்மென்ட் சாந்தாமணி ஆன்ட்டி. மேலே 'கந்தசாமி, சூரிச்' என்று பெயரும் போன் நம்பரும். சுற்றிலும் டேப்.

ஆன்ட்டி போன வருஷம் அங்கே போய் வந்தவர். ஒரு வாரமாக ஓயாத உபதேசம்.

"ஞாயித்துக்கிழமை ஒரு கடை இருக்காது கண்ணு. அங்க கரன்ட்டும் வேற, இங்கத்த ரைஸ் குக்கர் ஓடாது. ஓவியா ரசஞ்சோறு தவிர எதையும் தொடமாட்டாளே, நா வேணா ஏதாச்சும்..."

"வேண்டாம் ஆன்ட்டி. நாங்க மேனேஜ் பண்ணிக்குவோம்."

ரஞ்சித் அப்படித்தான். தோசை மாவு கொடுத்தால்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். யாரிடமும் கை நீட்டாதவன் என்பதில் அப்படியொரு பெருமை.

அதற்குப் பிறகுதான் ஆன்ட்டியின் கேள்விகள் மாறின. எந்த ஹோட்டல்? எப்போ ரூமுக்குப் போவீங்க? கடைசியில் இந்தப் பெட்டி.

"எங்கக்கா மகனுக்கு. அவனே ரூமுக்கு வந்து வாங்கிக்குவான். நீங்க பிரிச்சிராதீங்க."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க" என்றாள் வான்மதி.

"அப்புறம் எதுக்கு ஹோட்டல் பேரைத் துருவித் துருவிக் கேக்கறாங்க? தூக்கிப் பாரு, என்ன கனம். கஸ்டம்ஸ்ல புடிச்சா நம்ம கிரீன் கார்டு கோவிந்தா."

"அப்ப பிரிச்சுப் பாத்துடலாம்."

"பிரிச்சா நாமளும் கூட்டுன்னு ஆயிடும்."

மறுநாள் கிளம்பும்போது, ஆன்ட்டி முன்வாசலில் ஓவியாவைக் கொஞ்சிக்கொண்டிருக்க, ரஞ்சித் பின்பக்கமாகப் போய்ப் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டான். போலீஸ் கேட்டால் உதவும் என்று போன் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டான்.

நியூவார்க் ஏர்போர்ட்டில், யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்டார்கள். "நோ" என்றவன் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "அந்த மனுஷன் ஹோட்டலுக்கு வந்து ஏமாந்து நிப்பாரு. ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

காலிங் கார்டைத் தேய்த்து, பூத்திலிருந்து சூரிச்சுக்குப் போன் போட்டான்.

"ஹலோ, ரஞ்சித்குமார் பேசறேன். உங்க பார்சலை எடுத்துட்டு வர முடியல" என்றான் விறைப்பாக.

மறுமுனையில் கந்தசாமி பதறினார். "அடடா, அப்பப் பாப்பா சோத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"என்னது?"

"அது எனக்கில்லீங்க. இந்த ஊர்க் கரன்ட்டுல ஓடுற குக்கர். அங்க ஓக் ட்ரீ ரோட்டுல நம்மூர்க் கடை பூரா அலைஞ்சு வாங்குனாங்களாம் சித்தி. அரிசி, ரசப்பொடி எல்லாம் உள்ள இருக்கு. நேரா குடுத்தா நீங்க வாங்கமாட்டீங்கன்னு என் பேரைப் போட்டிருக்காங்க. ரூம்ல வந்து பிரிச்சு, உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

கீழே ஓவியா ரஞ்சித்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாடி, ஐ வான்ட் ரசம் ரைஸ்."

"பாப்பா குரலுங்களா? கவலைப்படாதீங்க, நானே சோறாக்கிக் கொண்டாறேன்" என்ற கந்தசாமி, சற்றுத் தயங்கிக் கேட்டார். "வாங்கிக்குவீங்க இல்லீங்களா?"