பசியில்லாதவர் தீர்ப்பு

ஆய்வுக்கூட உணவகத்தின் சமையலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள். தேர்வுக்கு வந்த அம்மாள் வார்த்த சூப்பில் மூன்றாம் கிண்ணத்தையும் வழித்துக் குடித்தார் பேராசிரியர்.

“அமுதம்மா, அமுதம்.”

“அப்ப வேலை எனக்குத்தானே, ஐயா? முன்ன இருந்த இடத்துல, வாயில வைக்க விளங்கலைன்னு அனுப்பிட்டாங்க.”

பேராசிரியர் தலைகுனிந்தார். “பொய் சொல்ல மனசு வரலைம்மா. ஆராய்ச்சிக்காகக் காலையில பசி ஹார்மோன் ஊசி போட்டுக்கிட்டேன். அது ஏறினா வயிறும் கத்தும், எதைத் தின்னாலும் மூளையும் சொக்கிப்போகும். இப்ப வெந்நீர் குடுத்தாலும் அமுதம்னுதான் சொல்வேன்.”

“பசி ருசி அறியாதுங்கிறது சரிதான்” என்று அம்மாள் தன் கரண்டியைப் பைக்குள் வைத்தாள். “வேற யாராவது ருசி பார்க்கக்கூடாதா?”

“என் உதவியாளர் இருக்கார். ஆனா அவருக்குப் போட்டது பசியை அடக்குற ஊசி. காலையிலேருந்து பிஸ்கட்டைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கிறார்.”

அடுப்படியில் ஏதோ உருண்டது. இருவரும் எட்டிப் பார்த்தனர். உதவியாளர் சூப்புப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அடியில் தேங்கியிருந்ததைக் கிண்ணத்தில் வடித்துக்கொண்டிருந்தார்.

“பசியே இல்லைங்க, ஐயா” என்றார் அவர், நிமிராமலே. “அம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?”