எண்ணப்படாத கொட்டாவிகள்

பதினேழாவது மாணவன் கணினிக்குள் வாயைப் பிளந்தான்.

அவள் காணொளியை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள்.

இவனுக்குக் கொட்டாவி வந்திருக்கவே கூடாது.

மணி மூன்று பத்து. நான்கு மணிக்குப் பிளக்ஸ் அச்சுக்குப் போகிறது.

நாளை மறுநாள் துறையை மதிப்பிட ஆய்வுக் குழு வருகிறது. உடலியங்கியல் துறையின் வாசலில் பெரிய பிளக்ஸ் வைக்க வேண்டும். எட்டு ஆசிரியர்கள், எட்டு ஆய்வு ஆர்வங்கள். விக்கலுக்கு ஒருவர். பேருந்து ஓட்டுநர்களின் வியர்வைக்கு ஒருவர். துறைத் தலைவர் இஸ்ரவேல் சாருக்கு முப்பது வருடங்களாகத் தவளையின் இதயம்.

எட்டாவது பெயர் அவளுடையது. அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. கொட்டாவி எப்படித் தொற்றுகிறது என்று ஓராண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருபது மாணவர்களுக்குப் பிறர் கொட்டாவி விடும் படத்தைக் காட்டினாள். வேறு இருபது பேருக்கு வெறும் மின்விசிறி சுற்றும் படம். அதே அறையில் பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேமரா வழியாக முகங்களைப் பார்த்து, கையிலிருந்த கவுண்ட்டரை அழுத்தினாள்.

கொட்டாவியைப் பார்த்தவர்களில் பதினான்கு பேருக்குக் கொட்டாவி வந்தது.

மின்விசிறியைப் பார்த்தவர்களில் பதினைந்து பேருக்கு.

காலையில் இந்த எண்களைப் பார்த்ததும் இஸ்ரவேல் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ கொட்டாவிய விட ஃபேன்தான் நல்லாத் தொத்துது. இத எப்படிம்மா பிளக்ஸ்ல போட?"

விக்கல் ஆராய்ச்சி செய்யும் பரிமளம் மேடம் பக்கத்தில்தான் நின்றார். "பேசாம என் பக்கம் வந்துரு. விக்கல் யாருக்கும் தொத்தாது. நிம்மதி."

நான்கு மணிக்குள் ஏதாவது சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவள் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பல்கலைக்கழகச் சின்னத்தைப் பெரிதாக வைத்துவிடுவார்கள்.

பதினேழாவது மாணவன் மின்விசிறியைப் பார்த்தவன்.

தவறு தன்னிடம்தான் இருக்கும். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. எந்த இடத்தில் என்பதில்தான் சந்தேகம். அறையின் வெப்பநிலை, நாற்காலியின் உயரம், மாணவர்கள் முந்தின நாள் தூங்கிய நேரம். எல்லாம் குறிப்பேட்டில் இருந்தன. எல்லாம் சரியாக இருந்தன.

சரிபார்க்காதது ஒலி மட்டும். முகத்தைப் பார்க்கிற ஆய்வுக்குச் சத்தம் எதற்கு என்று கணினியின் ஒலியை முதல் நாளே அடைத்து வைத்திருந்தாள்.

திறந்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. எங்கோ ஒரு லாரி.

பிறகு, மிக அருகில், ஆற அமர ஒரு கொட்டாவி.

மாணவனின் வாய் மூடியிருந்தது.

ஒன்பது நொடி கழித்து அது திறந்தது.

அடுத்த காணொளி. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அதே குரல். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய குரல்.

அவளுடைய குரல்.

நாற்பது பேரின் கொட்டாவியை எண்ணியவள் தன்னுடையதை எண்ணவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பதால் தான் அங்கே இல்லை என்றே நினைத்திருந்தாள்.

துறைத் தலைவரின் அறைக்கு ஓடினாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். முழுவதையும் சொன்னாள்.

இஸ்ரவேல் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆக, நோயப் பரப்புனதும் நீதான், எத்தனை பேருக்கு வந்துச்சுன்னு எண்ணுனதும் நீதான்?"

"ஆமா சார். ஆனா அவங்க யாரும் என்னைப் பார்க்கல. கேட்டுத்தான் இருக்காங்க. சத்தத்துலயே தொத்துது சார்."

"கேட்டா வருமா? எனக்கெல்லாம் வராது."

"உக்காந்துதான் பாருங்களேன் சார்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று பயந்தாள். அவர் அதற்குள் எழுந்திருந்தார்.

மூன்று நாற்பத்தைந்து. மாணவர்களின் நாற்காலியில் அவர். திரைச்சீலைக்குப் பின்னால் அவள்.

இனி அவள் கொட்டாவி விட வேண்டும். அவ்வளவுதான்.

வரவில்லை.

வாயைத் திறந்தாள். காற்றுதான் போய் வந்தது. ஓராண்டாகக் கூப்பிடாமல் வந்தது இன்று எங்கே போனதோ. உடம்பிலிருந்த தூக்கமெல்லாம் ஓடிப்போயிருந்தது. பொய்யாக ஒன்று விடலாம்.

அது கணக்கில் சேராது.

மூன்று ஐம்பத்திரண்டு.

"என்னம்மா, அங்க ஆள் இருக்கா?"

"இருக்கேன் சார். வரமாட்டேங்குது."



நாற்காலி முனகியது. பிறகு திரைச்சீலைக்கு அப்பாலிருந்து, கூச்சமே இல்லாத ஒரு நீண்ட கொட்டாவி எழுந்தது. மதியம் அவர் சாப்பிட்ட தயிர்சாதம் முழுக்க அதில் இருந்தது.

போச்சு. யாரும் விடாமலே அவருக்கு வந்துவிட்டது. இனி எதை நிரூபிப்பது?

எழுந்தாள். பாதியில் நின்றாள்.

அவளுடைய தாடை தானாக இறங்கிக்கொண்டிருந்தது. காது அடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. சத்தத்தை அடக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் போன் அடித்தது. இஸ்ரவேல் சார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சார், பிளக்ஸ் கடையிலருந்து. மெஷின்ல ஏத்திட்டேன். எட்டாவதுக்குச் சின்னமா, எழுத்தா?"

"இருய்யா, சொல்ல்ல..."

வார்த்தை அகலமாகிக்கொண்டே போயிற்று. வாய் முழுதாகத் திறந்து, மெதுவாக மூடுவது கேட்டது.

மறுமுனையில் பேச்சில்லை. அச்சு இயந்திரம் மட்டும் ஓடியது.

ஐந்து நொடி. ஆறு. ஏழு.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையிலிருந்து, ஆற அமர, ஒன்று வந்தது.

திரைச்சீலை விலகியது. இஸ்ரவேல் சார் போனை அவளிடம் நீட்டினார்.