ஏறிப்போன அளவு

“ரத்தத்துல அளவு ஏறியிருக்கு” என்று டாக்டரம்மா சொன்னதும் உடைந்து அழுதது கணவன்தான். நோயாளியான அவன் மனைவியோ, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் அவள் கெண்டைக்காலில் இருந்த ஒரு மச்சம் தோல் புற்றுநோயாக மாறி, வீட்டையே ஆட்டி வைத்தது. வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, ஒரு வழியாகக் குணமானாள். நோய் திரும்பினால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் அவ்வப்போது பார்த்து வந்தார்கள். நேற்றுக் காலை எடுத்த ரத்தத்தில் அது எகிறிவிட்டது.

“போன தடவை இவளத் தரையில கால் படாம பாத்துக்கிட்டேன் டாக்டர். நோய் போயிடுச்சுன்னு நீங்க சொன்ன பிறகுதானே நாங்க பழையபடி ஆனோம்! மறுபடியுமா?” அவன் மேஜையில் தலையை முட்டிக்கொண்டான்.

பொய்யில்லை. அவன் அவளுக்குச் சோறு ஊட்டியதையும் தலை வாரிவிட்டதையும் பார்த்து அப்போது அந்த வார்டே மூக்கில் விரல் வைத்தது. பக்கத்துக் கட்டில்காரி தன் புருஷனை இடித்துக்காட்டியே ஒரு வழி பண்ணிவிட்டாள்.

“முதல்ல ஸ்கேன் பாத்துடலாம்” என்றார் டாக்டரம்மா.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ், “தலையில ஊசி, கிளிப் எதுவும் இருக்கக் கூடாது” என்றாள். அவனே குனிந்து மனைவியின் கிளிப்பை மெல்லக் கழற்றினான். அதற்கே அவள் ‘ஸ்’ என்று பல்லைக் கடித்தாள்.

“வலிக்குதாம்மா?” என்று பதறிப்போனான்.

சாயங்காலம் டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தனியாகக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அவன் வாசலில் நர்ஸைத் துளைத்தெடுத்தான்.

“உடம்புல எங்கயும் நோய் இல்லம்மா. எல்லாம் சுத்தமா இருக்கு.”

அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது. “நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? அளவு ஏறியிருக்குன்னீங்களே!”

“அந்தப் புரதம் மூளையிலயும் இருக்கு. தலையில பலமா அடிபட்டாலும் ரத்தத்துல ஏறிடும்.” டாக்டரம்மா எழுந்து வந்து அவள் கூந்தலை ஒதுக்கினார். காதுக்குப் பின்னால் கன்றிப்போய் வீங்கியிருந்தது. “நேத்து ரத்தம் குடுக்க வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

அவள் கதவையே பார்த்தாள். வெளியே அவன் குரல் கேட்டது. “அவ இல்லாம நான் உசுரோட இருக்க மாட்டேன் சிஸ்டர்.”

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தோடு கதவுப் பக்கம் திரும்பியவரின் கையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“நோய் திரும்பிடுச்சுன்னே அவர்கிட்ட சொல்லிடுங்க டாக்டர். நோய் இருந்தா அவர் அடிக்க மாட்டார்.”