வைரஸ் இல்லை

கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள் நாலு பேர்: பட்டு நெசவாளர் சங்கச் செயலாளர் திருஞானசம்பந்தம், சேலைக்கு டிசைன் போடும் லில்லி, மெட்ராஸிலிருந்து வரும் சர்வீஸ்காரன் ஸுதர்சன், வாசலில் பூட்டோடு வாட்ச்மேன் கலியன். பூட்டு யாருக்கு என்று லில்லிக்குத் தெரிந்திருந்தது.

சங்கத்தின் புது டிசைன்கள் இங்கே தறியேறும் முன்பே வெளியூர் பவர்லூமில் சேலையாகிவிட்டன. அவை இருந்ததோ இந்த ஒரே கம்ப்யூட்டரில்.

"மாசாமாசம் தறி ஓடாத நாளா பாத்து வந்து சர்வீஸ் பண்றேன் சார். இன்னிக்கு நீங்க கூப்ட்டதும் வந்து ஸ்கேன் போட்டாச்சு. வைரஸ் இல்ல, வெளியாளு யாரும் நுழையல," என்றான் ஸுதர்சன். மிச்சம் யார் என்று அவன் சொல்லவில்லை. லில்லியைப் பார்த்தான், அவ்வளவுதான்.

செயலாளர் போலீஸுக்குப் பேச டெலிபோனை இழுத்தார். அதற்குமுன் ஒரே ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன் என்று லில்லி கெஞ்சினாள். கறுப்புத் திரையைத் திறந்து, தெரிந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தாள்.

ஒரு வரி சிக்கியது. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிசைன்களை எங்கோ அனுப்பச் சொல்லி யாரோ எழுதி வைத்த கட்டளை. அனுப்பியது விண்டோஸோடு கூடவே வரும், ஃபைல் அனுப்புகிற எஃப்.டி.பி. வீட்டு ஆளே பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் நாய் குரைக்குமா? ஆன்ட்டி வைரஸும் குரைக்கவில்லை.

"கரெக்டா எடுத்துட்டாங்க சார். வச்சவங்களுக்குத்தானே எடம் தெரியும்," என்று சிரித்தான் ஸுதர்சன்.

கண்டுபிடித்ததே குற்றமாகிவிட்டது. அதை எழுதி வைத்த தேதியையாவது பாருங்கள் சார் என்றாள். அந்தத் தேதி அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

செயலாளர் திரையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். முகம் இறுகியது.

"பையை எடுத்துக்கினு வெளிய வாம்மா."

முடிந்தது என்று நினைத்தாள். அவர் பின்னாலேயே தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. கலியன் பூட்டைப் பூட்டிச் சாவியை உருவினான். உள்ளேயிருந்து ஸுதர்சன் தட்டினான்.

செயலாளர் கதவோரம் போய் நின்றார்.

"அதை எழுதி வச்ச தேதி அமாவாசை. அமாவாசை அன்னிக்கு இங்க தறியும் ஓடாது, ஆளும் வராது. வந்தது நீ ஒருத்தன்தாம்பா."