நூற்றுப் பதினெட்டாவது ஆள்

"கார விட்டு இறங்கி அரை மணி நேரம் ஆச்சு. ஒரு சொம்புத் தண்ணிகூட வரலையேப்பா!"

அமைச்சர் சூரியபிரகாஷ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எழுமலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, எம்.எல்.ஏ. நல்லகாமனின் தோட்டத்து வீடு அது. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கதவு சாத்தியிருந்தது.

"அதாண்ணே எனக்கும் பயமா இருக்கு" என்றார் ஒன்றியச் செயலாளர் காளை. "இந்த வீட்ல எதிரி வந்தாக்கூட காபி குடுக்காம அனுப்ப மாட்டாக. நமக்குத் தண்ணிகூட இல்லன்னா, ஆளு அந்தப் பக்கம் போயிட்டாருன்னு அர்த்தம்."

அமைச்சர் மறுபடியும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ண மாட்டாரா பின்னே? சட்டமன்றத்தில் ஆளுங்கட்சிக்கு 118 பேர், எதிர்க்கட்சிக்கு 116. நல்லகாமன் தாவிவிட்டால் 117க்கு 117. வருகிற திங்கட்கிழமை நம்பிக்கை வாக்கெடுப்பு. இந்த மனுஷனோ ஐந்து நாளாக வெளியே தலைகாட்டவில்லை. போனும் ஆஃப். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து அவருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வளத்துவிட்ட கட்சிக்குத் துரோகம் பண்ண எப்படித்தான் மனசு வருதோ!" என்று பல்லைக் கடித்தார் காளை. காளைக்கு இது மூன்றாவது கட்சி.

கதவு லேசாகத் திறந்தது. நல்லகாமனின் மனைவி பாண்டீஸ்வரி வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றாள். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தங்கச்சி, அவர ஒரு நிமிசம் வரச் சொல்லும்மா."

"அவரு இப்ப யாரையும் பாக்க மாட்டாருண்ணே."

"தலைவரே அனுப்பிச்சிருக்காரும்மா."

"தலைவரே நேர்ல வந்தாலும் பாக்க முடியாதுண்ணே."

காளை அமைச்சரின் காதைக் கடித்தார். "கேட்டீங்களாண்ணே? முடிஞ்சு போச்சு."

"அவருக்கு என்ன கோவம்னு நீயாவது சொல்லும்மா" என்று அமைச்சர் கிட்டத்தட்ட கெஞ்சினார். "மந்திரி பதவியா? வாரியத் தலைவரா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

பாண்டீஸ்வரி விழித்தாள். 'கோவமா?' என்று கேட்க வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். அரசியல்வாதியின் மனைவி, 118லிருந்து ஒன்றைக் கழிக்க அவளுக்கும் தெரியும்.

எதிரே தோட்டத்தில், அங்கே வேலை பார்க்கும் மலையம்மாள் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் தமிழ்வாணிக்கு இது ஒன்பதாம் மாதம். முதல் பிரசவத்தில், ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாமல் உசிலம்பட்டிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, ஆட்டோவில் குழந்தை இறந்துபோனது. அதே ஆட்டோவில் பாண்டீஸ்வரியும் இருந்தாள். அந்த ரத்தத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

"எங்க ஊரு ஆஸ்பத்திரிக்கு டாக்டர் இல்லண்ணே" என்றாள் மெதுவாக. "அவரு பதினாலு மனு குடுத்தாரு. பதினாலுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு."

"அம்புட்டுத்தானா? வேற?"

"பொம்பளப் பிள்ளைக காலேஜுக்குப் போக, காலைல ஒரு பஸ்ஸு."

"சரிம்மா. அவருக்குன்னு?"

"அவருக்கு ஒண்ணும் வேணாம்ணே."

அமைச்சருக்கு இப்போதுதான் நிஜமாகவே வியர்த்தது. தனக்கென்று எதுவும் கேட்காத எம்.எல்.ஏ.வை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "அந்தப் பக்கம் பெருசா எதையோ காட்டிட்டானுக போல, காளை" என்று முணுமுணுத்தபடியே போனை எடுத்தார்.

நிதி இல்லை, ஆள் இல்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்த அரசாங்கத்துக்கு, இரண்டே நாளில் நிதியும் ஆளும் கிடைத்துவிட்டன. வெள்ளிக்கிழமை ஒரு பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை காலை அதே ஆஸ்பத்திரியில் தமிழ்வாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அந்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தபடி வந்தவர்கள்தான் டீக்கடையில் உட்கார்ந்து, "எம்புட்டுக் கோடி வாங்குனானோ!" என்று நல்லகாமனைத் திட்டினார்கள்.

வெளியே நின்று ஜன்னல் வழியாகவே குழந்தையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பாண்டீஸ்வரி, கை கால் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அந்த அறை வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. முறைப்படி அதை வெளிவாசலில் கட்டியிருக்க வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கு அம்மை என்று தெரிந்தால் கூட்டம் கூடிவிடுமே என்று பயந்து, முதல் நாளே உள்ளே கட்டியிருந்தாள். மற்றபடி முறை தவறவில்லை. அம்மை கண்ட வீட்டில் வந்தவரை வாங்க என்று சொல்லக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

வேப்பிலைப் படுக்கையில், முகமெல்லாம் கொப்புளமாக நல்லகாமன் கிடந்தார்.

"ஏன்டி, பதினஞ்சு வருசம் இந்தக் கட்சிக்கு நாயா உழைச்சேன். ஒரு வாரமாக் கெடக்கேன், ஒருத்தன் எட்டிப் பாத்தானா? அந்தப் போனைக் குடு. என்னைக்கும் உங்க பக்கந்தான், திங்கக்கிழமை மொத ஆளா வந்து நிப்பேன்னு தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிர்றேன்."

பாண்டீஸ்வரி வேப்பங்கொத்தால் அவர் முதுகை மெல்ல வருடினாள்.

"நாளைக்கு அம்மை எறங்கி மூணாந்தண்ணி ஊத்துனதும் தாரேன். அதுவரைக்கும் பேசாமப் படுங்க. பஸ்ஸு இன்னும் வரல."