தொண்ணூறா, நூற்றி நாற்பதா?

முதலாளியின் பிக்கப் வண்டிக்கு ஆயில் மாற்றப் போகிறார்கள் என்ற சேதி வந்ததும், தையல்கூடத்தில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"நிஜமாவா மாஸ்டர்?" என்றாள் காஜாக்காரி. சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. ஊசி துணியிலேயே நின்றுவிட்டது.

"மெக்கானிக் வண்டிக்கு அடியில படுத்தாச்சும்மா," என்றார் கட்டிங் மாஸ்டர். "பின் அச்சு நடுவுல உருண்டையா ஒண்ணு தொங்குமே, டிஃபரன்ஷியல், அதுக்குத்தான் ஆயில். மாத்தினா சத்தம் நின்னுடுமாம்."

அந்தச் சத்தம்தான் அத்தனை பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே 'ஊஊங்' என்று ஒரு ஒப்பாரி கிளம்பும். மாஸ்டரின் செல்போன் டிராயருக்குள் போகும். சூப்பர்வைசரம்மாவின் குறட்டை நிற்கும். அயர்ன்காரரின் சிகரெட் அணையும். காஜாக்காரி பின்வாசல் வழியாக ஓடிவந்து மெஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

பின்தெருவில் மஞ்சள் கதவு போட்ட வீடு அவளுடையது. இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட புருஷனை அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கூடத்துச் சுவரிலோ, 'வேலை நேரத்தில் வாசலைத் தாண்டினால் திரும்பி வர வேண்டாம்' என்று முதலாளி கைப்பட எழுதிய அட்டை. எழுதியதை அழிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

எல்லோரும் வண்டியையும் முதலாளியையும் சூழ்ந்துகொண்டார்கள். மெக்கானிக் இரண்டு டப்பாக்களைத் தரையில் வைத்தான்.

"இது தொண்ணூறாம் நம்பர் ஆயில். கொஞ்சம் இளகலா இருக்கும். இது நூத்தி நாப்பது, நல்ல கெட்டி. உங்க வண்டியில கியர் பல்லு தேஞ்சிருக்கு சார். கெட்டியா ஊத்தினாத்தான் சத்தம் அடங்கும். அப்புறம் பாருங்க, பூனை மாதிரி வரும்."

பூனை என்றதும் எலிகளுக்கு வியர்த்தது.

"தொண்ணூறுதான் சார் நல்லது," என்றார் மாஸ்டர். அவருக்குத் தெரிந்த ஒரே ஆயில் தையல் மெஷினுக்கு விடுவது.

"கெட்டியா ஊத்தினா வண்டிக்கு மூச்சு முட்டும் சார்," என்றார் அயர்ன்காரர்.

சூப்பர்வைசரம்மா குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா நூத்தி நாப்பதுதான் ஊத்தினார். மறுவாரமே போயிடுச்சு."

"வண்டியா?"

"சித்தப்பா."

மெக்கானிக் வாயைப் பிளந்தான். "ஏங்க, இங்க எல்லாருமா வண்டி வச்சிருக்கீங்க?"

முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி முகத்தில் நிறுத்தினார்.

"நீ என்னம்மா சொல்றே?"

காஜாக்காரிக்கு ஆயிலும் தெரியாது, பல்லும் தெரியாது. "பழகின சத்தம் சார்," என்றாள். "நின்னுட்டா வெறிச்சுனு ஆயிடும்."

முதலாளி மெக்கானிக்கிடம் திரும்பினார். "இன்னும் கொஞ்ச நாள் தாங்காதாப்பா?"

"ரெண்டு வருஷமா இதையேதான் கேக்கறீங்க. இனிமே தாங்காது சார். நடுரோட்டுல பின்சக்கரம் இறுகிக்கும்."

"சரி. நூத்தி நாப்பதே ஊத்து."

அன்று முழுக்கக் கூடத்தில் கொதிப்பு அடங்கவில்லை.

"வேவு பார்க்க வசதி பண்ணிக்கிட்டார், வேற என்ன?" என்றாள் சூப்பர்வைசரம்மா, தலைக்கு வைத்துக்கொள்ளும் துணிக்கட்டை ஏக்கத்தோடு பார்த்தபடி.

"உழைக்கிறவனை நம்பாத இடம் உருப்படுமா?" என்றார் மாஸ்டர், செல்போன் சீட்டாட்டத்திலிருந்து நிமிராமல்.

மறுநாள் முதலாளி சரக்கோடு வெளியே போனார். வண்டி பஞ்சில் உருளுகிற மாதிரி போயிற்று. வரும்போதும் அப்படித்தான் வரும்.

காஜாக்காரி கதவைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். எடுத்த காஜா ஒன்றும் நேராக இல்லை. இந்நேரம் வீட்டில் அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இவள் காலடிக்குக் காத்திருப்பார். வாய் திறந்து கூப்பிட மாட்டார். போனால் வேலை போகும். போகாவிட்டால் அவர் முதுகு போகும்.

போனாள்.

அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுக்கும்போதுதான் அது கேட்டது. 'பாம்ம்ம்ம்!' கப்பலே கரைக்கு ஏறிவிட்டதோ என்று நினைக்கும்படி ஒரு ஹாரன். தெருமுனையில் ஒரு தடவை. பாதித் தெருவில் இன்னொரு தடவை.

அவள் விழுந்தடித்து ஓடிவந்து மெஷினில் உட்கார்ந்தபோது, முதலாளி இன்னும் வாசலிலேயே நின்று செருப்பை உதறிக்கொண்டிருந்தார். ஒட்டாத மண்ணை அவ்வளவு பொறுமையாக யாரும் உதறிப் பார்த்ததில்லை.

உள்ளே வந்தார். குனிந்த தலைகளைப் பார்த்தார். "ம். நடக்கட்டும்," என்று முறைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

"ஆளில்லாத தெருவுல என்னத்துக்கு இப்படி அலற விடணும்?" மாஸ்டர் பல்லைக் கடித்தார். "வேற என்ன, முதலாளிங்கிற திமிர்!"

ஆயில் கசிகிறதா என்று பார்க்க வந்திருந்த மெக்கானிக் வாசலில் நின்ற வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"அதை ஏன் கேக்கறீங்க? நேத்து சாயங்காலம் நின்னு மாட்ட வச்சாருங்க. லாரி ஹாரன். இந்தச் சின்ன வண்டிக்கு எதுக்கு சார்னேன். கேட்டாத்தானே? 'தெருமுனையில அடிச்சா, பின்தெருவுல மஞ்சக் கதவு போட்ட வீடு வரைக்கும் கேக்கணும்'னுட்டார்."