எத்தனை மார்க்குக்கு?

பத்தாம் வகுப்பு மதிவதனியின் காதில் நாலு வருடமாக விடைச்சொல்லி என்ற குட்டிக் கருவி இருக்கிறது. கணக்கோ வரலாறோ, எதைக் கேட்டாலும் "எத்தனை மார்க்குக்கு?" என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். அந்தப் பழக்கம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

வேலை முடிந்து வந்த தமயந்தி, மகளின் வீங்கிய கண்களைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஏன்டி அழுத?"

"எத்தனை மார்க்குக்கும்மா?"

"ரெண்டு மார்க்குக்கே சொல்லித் தொலைடி!"

மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "அப்பா துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே வரமாட்டாராம்."

ஒற்றைச் செருப்பைக் கழற்றிய தமயந்தி மற்றதை மறந்து நின்றாள்.

"ஏனாம்?"

"காரணம்னா அஞ்சு மார்க்கும்மா," என்றாள் மகள். "மொத பாயிண்டே நீதான்."